ஓடி தாதி வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் அறுவை சிகிச்சை அறையை யாரும் முழுப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எல்லாருக்கும் அது ஓடிதான் (OT, ஆப்பரேட்டிங் தியேட்டர் என்பதன் சுருக்கம்). வார்டிலிருந்து ஓடிக்கு மாற நினைக்கும் தாதியர், தாதிமை படிக்கும் மாணவர்கள், தமிழ்நாட்டிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் இங்கே வேலைக்கு வர இருப்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நடைமுறை மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும். மாறும் இடத்தில் உங்கள் மருத்துவமனையின் விதியைப் பின்பற்றுங்கள்.

டாக்டர் கேட்கும் கத்தியை எடுத்துக் கொடுப்பதுதானே வேலை?

கேட்டபின் எடுத்துக் கொடுப்பவர் இன்னும் வேலை பழகுகிறார் என்று அர்த்தம். பழகியவர் கையில் கேட்பதற்கு முன்பே கருவி தயாராக இருக்கும்.

ஓர் அறையில் பொதுவாகத் தாதியருக்கு மூன்று பொறுப்புகள். ஸ்க்ரப் தாதி கை கழுவி, கவுனும் கையுறையும் அணிந்து, கிருமிநீக்கிய மேசையைத் தன் வசம் வைத்திருப்பார். சர்குலேட்டிங் தாதி கையுறை அணியாத வெளி ஆள். பெட்டி பிரிப்பது, பதிவு எழுதுவது, மாதிரி அனுப்புவது, போன் எடுப்பது, அறைக்குள் யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்ப்பது எல்லாம் அவர் தலையில். மூன்றாமவர் மயக்க மருந்து மருத்துவருக்கு உதவுபவர். நோயாளிக்கு மயக்கம் கொடுக்கும் அந்தச் சில நிமிடங்களில் அவர் வேறு எந்த வேலைக்கும் நகரக் கூடாது.

புதியவர்கள் ஸ்க்ரப்பைத்தான் பெரிய வேலையாக நினைக்கிறார்கள். உண்மையில் ஓர் அறை ஒழுங்காக நடப்பதும் குழம்புவதும் சர்குலேட்டிங் தாதியைப் பொறுத்தது.

என்ன படித்திருக்க வேண்டும்?

சிங்கப்பூர்த் தாதிமை வாரியத்தின் பதிவும் நடப்பிலுள்ள தொழில் சான்றிதழும் கட்டாயம். நன்யாங், நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் மூன்றாண்டுப் பட்டயமோ பல்கலைக்கழகப் பட்டமோ பெற்றவர்கள் ஆர்என் (ரெஜிஸ்டர்டு நர்ஸ்) ஆகலாம். தொழில்நுட்பக் கல்விக் கழகம் வழியாக வருபவர்கள் இஎன் (என்ரோல்டு நர்ஸ்). இரு தரப்பினரும் ஓடியில் வேலை செய்கிறார்கள். ஓடிக்கென்று தனிப் படிப்பு முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பதில்லை. சேர்ந்தபின் மூத்த தாதியின் அருகில் நின்று பல மாதங்கள் பழகவேண்டும்; சில ஆண்டுகள் அனுபவம் வந்தபின் பட்டய மேற்படிப்புக்குப் போகலாம்.

காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

அன்றைய பட்டியலைப் படிக்க வேண்டும், வெறும் அறுவை சிகிச்சையின் பெயரை மட்டுமல்ல. நோயாளியின் எடை, ஒவ்வாமை, எந்தப் பக்கம், எந்தப் படுக்கை நிலை, உடம்புக்குள் வைக்கப்போகும் உலோகமோ வலையோ அறைக்கு வந்துவிட்டதா, எக்ஸ்ரே கருவி வேண்டுமா என்பதையும் பார்க்க வேண்டும். லேட்டெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர் பட்டியலில் இருந்தால் கையுறை முதல் வடிகுழாய் வரை மாற்ற வேண்டியிருக்கும். அதை நோயாளி மேசையில் படுத்தபின் கண்டுபிடித்தால் அரை மணி நேரம் போய்விடும்.

பிறகு சாமான்களைச் சரிபார்க்க வேண்டும். ரத்தத்தை உறிஞ்சும் சக்ஷன் இழுக்கிறதா, விளக்கு எரிகிறதா, மேசை ஏறி இறங்குகிறதா, மின்சாரத்தால் திசுவை வெட்டி ரத்தத்தை நிறுத்தும் டையதர்மி இயங்குகிறதா என்று பாருங்கள். கருவிகள் டிஎஸ்எஸ்யு என்று சொல்லும் கிருமிநீக்கப் பிரிவிலிருந்து வருகின்றன. பொட்டலத்தைத் திறக்குமுன் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்: வெளி நாடா நிறம் மாறியிருக்கிறதா, உறையில் கிழிசலோ ஓட்டையோ உண்டா, உள்ளே ஈரம் தெரிகிறதா. திறந்தபின் உள்ளே இருக்கும் காட்டி அட்டையையும் பார்க்க வேண்டும். 134 டிகிரி செல்சியஸ் நீராவியில் வெந்து வந்த டிரேயாக இருந்தாலும் உள்ளே ஈரம் இருந்தால் அது கிருமிநீக்கப்பட்டதாகக் கணக்கில்லை. ஈரத்தின் வழியாகக் கிருமி வெளியிலிருந்து உறையைத் தாண்டி உள்ளே வந்துவிடும். "கொஞ்சம்தானே, துடைத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் அந்த டிரேயை ஒதுக்கிவிட்டு வேறு கேளுங்கள்.

நோயாளி உள்ளே வந்ததும் பெயரைக் கேட்டால் போதுமா?

பெயரை நீங்கள் சொல்லிக் கேட்காதீர்கள். "நீங்கள் திரு. முருகன்தானே?" என்றால் பயத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் தலையாட்டுவார். "உங்கள் முழுப் பெயர் சொல்லுங்கள், அடையாள அட்டை எண் சொல்லுங்கள், இன்று எதற்கு வந்திருக்கிறீர்கள், எந்தப் பக்கம்?" என்று அவர் வாயிலிருந்தே வரவழைக்க வேண்டும். பிறகு கையில் கட்டியிருக்கும் பட்டை, ஒப்புதல் படிவம், உடம்பில் பேனாவால் போட்ட குறி ஆகியவற்றோடு ஒப்பிட வேண்டும். நம்மவர் பெயர்களில் இது கூடுதல் முக்கியம். ஒரே நாளில் ஒரே பட்டியலில் இரண்டு லட்சுமிகள் வருவது அதிசயமில்லை, தகப்பன் பெயரையும் எண்ணையும் வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2008ல் வெளியிட்ட 19 அம்சப் பாதுகாப்புப் பட்டியல்தான் இதற்கெல்லாம் அடிப்படை. அதில் மூன்று நிறுத்தங்கள் உண்டு: மயக்கம் கொடுக்கும் முன், தோலில் கத்தி படும் முன், நோயாளி அறையை விட்டுப் போகும் முன். நடுவில் வருவதுதான் டைம் அவுட். அப்போது எல்லாரும் கைவேலையை நிறுத்த வேண்டும். ஒருவர் படிக்க, மற்றவர்கள் வேறு ஏதோ செய்துகொண்டே "ஆமாம்" போடும் டைம் அவுட்டால் பயனில்லை.

முதிய தமிழ் நோயாளி ஆங்கிலத்தில் "யெஸ் யெஸ்" என்று சொல்லிக்கொண்டிருப்பார், ஆனால் புரிந்திருக்காது. "அம்மா, ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க? காலையில காப்பி குடிச்சீங்களா?" என்று தமிழில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். திட உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த நீருக்கு 2 மணி நேரம் என்பது பொதுவான விதி. பால் விட்ட காப்பி தெளிந்த நீரில் சேராது. அதைப் பலர் "சாப்பாடு" என்று நினைப்பதே இல்லை, அதனால் சொல்வதும் இல்லை.

தாலியைக் கழற்றமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

வற்புறுத்தும் முன் காரணத்தைச் சொல்லுங்கள். டையதர்மி மின்சாரத்தில் இயங்கும் கருவி. உடம்பில் உலோகம் இருந்தால் தீக்காயம் ஏற்படும் ஆபத்து உண்டு. கழுத்திலோ மார்பிலோ சிகிச்சை என்றால் சங்கிலி வெட்டும் இடத்திலேயே கிடக்கும். மயக்க மருத்துவர் கழுத்தில் ஊசி போட வேண்டியும் வரலாம். பெரும்பாலான பெண்கள் தங்கச் சங்கிலிக்குப் பதில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ள ஒப்புக்கொள்வார்கள். அதையும் கழற்ற வேண்டிய நிலை என்றால் அறுவை மருத்துவரிடம் தெரிவித்து, முன்கூட்டியே பேசி முடிவெடுக்க வேண்டும். ஓடி வாசலில் வைத்து வாதாடுவது யாருக்கும் நல்லதல்ல. கழற்றியதைக் குடும்பத்தாரிடம் கொடுத்துப் பதிவு செய்யுங்கள், உங்கள் சட்டைப் பையில் போடாதீர்கள்.

மெட்டி, மூக்குத்தி, வளையல், அரைஞாண் ஆகியவற்றையும் மறக்காமல் கேளுங்கள். போர்வைக்குள் இருக்கும் மெட்டி கடைசி நிமிடத்தில்தான் கண்ணில் படும். விரலில் கறுப்பு மருதாணியோ நகப்பூச்சோ இருந்தால் ஆக்ஸிஜன் அளவு காட்டும் கிளிப் சரியாகப் படிக்காமல் போகலாம். காது மடலிலோ வேறு விரலிலோ மாட்டிப் பார்க்கலாம்.

கை கழுவுவதில் அப்படி என்ன இருக்கிறது?

நாளின் முதல் ஸ்க்ரப் பொதுவாக 3 முதல் 5 நிமிடம். நகத்தடியைச் சுத்தம் செய்து, விரல் ஒவ்வொன்றின் நான்கு பக்கமும் தேய்த்து, முழங்கைக்கு மேல் வரை போக வேண்டும். கை எப்போதும் முழங்கையைவிட உயரத்தில் இருக்கட்டும், தண்ணீர் கையிலிருந்து முழங்கைக்கு வழிய வேண்டும். செயற்கை நகம், மோதிரம், கடிகாரம் எதுவும் கூடாது. கையில் ஆறாத வெட்டு இருந்தால் அன்று ஸ்க்ரப் செய்ய வேண்டாம்.

பலருக்குக் குழப்பம் கவுன் போட்ட பிறகுதான். கவுனின் முன்பக்கம் மார்பிலிருந்து மேசை மட்டம் வரையும், கை முழங்கைக்கு மேல் 5 சென்டிமீட்டர் வரையும்தான் தூய்மையான பகுதி. முதுகு, அக்குள், கழுத்து எதுவும் கணக்கில் இல்லை. மேசை விரிப்பின் மேல்மட்டம் தூய்மை. தொங்கும் ஓரம் தூய்மையல்ல. கையுறை அணியாதவர் மேசையிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இரண்டு ஸ்க்ரப் ஆட்கள் இடம் மாறினால் முகத்துக்கு முகம் அல்லது முதுகுக்கு முதுகு. கையுறை தொட்டதா தொடவில்லையா என்று சந்தேகம் வந்தால் தொட்டதாகவே வைத்துக்கொண்டு மாற்றுங்கள். யாரும் பார்க்கவில்லை என்பதற்காக விட்டுவிடுபவர் இந்த வேலைக்குச் சரிப்படமாட்டார்.

எண்ணுவதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ஏனென்றால் வயிற்றுக்குள் ரத்தத்தில் ஊறிய ஒரு காஸ் (ரத்தம் ஒற்றும் மெல்லிய துணி) துண்டு குடலிலிருந்து வேறாகத் தெரியாது. மறந்து தைத்துவிட்டால் சீழ், அடைப்பு, மறு அறுவை, சில நேரம் மரணம்.

ஸ்க்ரப் தாதியும் சர்குலேட்டிங் தாதியும் சேர்ந்து, வாய்விட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்து, இருவர் கண்ணும் அதே துண்டின்மேல் இருக்க எண்ண வேண்டும். "ரேடெக் பத்து" என்று காஸ் கட்டைப் பார்த்துச் சொல்வது எண்ணிக்கையாகாது (ரேடெக் என்பது ஓடியில் பயன்படும் காஸின் பெயர்). தொழிற்சாலைக் கட்டில் ஒன்பதும் வரலாம், பதினொன்றும் வரலாம். குறைந்தோ கூடியோ இருந்தால் அந்தக் கட்டை முழுதாகப் பையில் போட்டு ஒதுக்கிவையுங்கள், அதிலிருந்து ஒரு துண்டைக்கூடப் பயன்படுத்த வேண்டாம். எண்ணியதை உடனே வெண்பலகையில் எழுத வேண்டும், ஐந்து நிமிடம் கழித்து நினைவிலிருந்து எழுதக் கூடாது.

எப்போதெல்லாம்? தொடங்கும் முன், கூடுதலாகப் பொருள் சேர்க்கும் ஒவ்வொரு முறையும், கருப்பை போன்ற உள்ளுறுப்பின் உட்குழியை மூடும் முன், வயிற்றை மூடத் தொடங்கும்போது, தோலைத் தைக்கும்போது, தாதி ஷிப்ட் மாறும்போது. ஓடியில் பயன்படும் காஸில் எக்ஸ்ரேயில் தெரியும் இழை கோர்த்திருக்கும். அதனால்தான் அதை வெட்டிப் பயன்படுத்தக் கூடாது; காயத்தின் மேல் ஒட்டும் சாதாரண காஸ் கடைசி எண்ணிக்கை முடியும் வரை மேசைக்கு வரக் கூடாது. கடைசி எண்ணிக்கை வரை குப்பைப் பையும் அழுக்குத் துணியும் அறையை விட்டுப் போகவே கூடாது. துப்புரவு செய்பவர் உதவி செய்ய நினைத்துப் பையைக் கட்டி எடுத்துப் போய்விடுவார், பிறகு பின்கட்டுத் தொட்டியில் தேட வேண்டியிருக்கும்.

ஒரு விஷயத்தை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பொருள் உள்ளே தங்கிப்போன நேர்வுகளில் பெரும்பாலானவற்றில் எண்ணிக்கை "சரி" என்றே பதிவாகியிருக்கிறது. காணவில்லை என்று தெரிந்தால் தேடுவார்கள். தப்பாக எண்ணிச் சரி என்று எழுதிவிட்டால் யாரும் தேடமாட்டார்கள். எண்ணும் நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் அந்த வகையை முதலிலிருந்து எண்ணுங்கள். அவசரக் கேஸ், நடுவில் திட்டம் மாறிய கேஸ், உடல் பருமனான நோயாளி ஆகிய மூன்றிலும் ஆபத்து அதிகம்.

எண்ணிக்கை ஒத்துவரவில்லை என்றால்?

உடனே, எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்: "ஒரு ரேடெக் குறைகிறது, தயவுசெய்து மூடாதீர்கள்." அறுவை மருத்துவர் காயத்துக்குள் தேடுவார். ஸ்க்ரப் தாதி மேசை, டிரேயின் அடி, டிரேப்பின் (நோயாளியை மூடும் கிருமிநீக்கிய விரிப்பின்) மடிப்பு பார்ப்பார். சர்குலேட்டிங் தாதி தரை, குப்பை, சக்ஷன் ஜாடி, எல்லாருடைய செருப்பு அடி எனத் தேடுவார். ரத்தம் பட்ட காஸ் செருப்பில் ஒட்டிக்கொண்டு அறை முழுக்க நடக்கும். கிடைக்கவில்லை என்றால் நோயாளி அறையை விட்டுப் போகும் முன் எக்ஸ்ரே. மிகச் சிறிய ஊசிகள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம் என்பதால், கண்ணிலும் ரத்தக் குழாயிலும் தைக்கும் ஊசிகளைப் போடும்போதே ஊசிப்பெட்டியில் குத்தி வைக்க வேண்டும்.

ஒரு கேஸை எடுத்துக்காட்டாகச் சொல்ல முடியுமா?

பித்தப்பையைக் கேமரா வழி எடுக்கும் சிகிச்சை எல்லா மருத்துவமனையிலும் நாள்தோறும் நடப்பது. மேசையில் கருவிகளை வயிற்றுக்குள் செலுத்த உதவும் 10 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர் டிரோக்கார் குழாய்கள், 30 டிகிரி கேமராக் குழாய், பிடிப்பான்கள், கிளிப் போடும் கருவி, கத்தரி, டையதர்மி கொக்கி, எடுத்ததைப் போடும் பை. வயிற்றை கார்பன் டையாக்சைடு கொண்டு 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்கு ஊதுவார்கள். வாயு உருளையில் எவ்வளவு மிச்சம் என்று தொடங்கும் முன் பாருங்கள். நடுவில் தீர்ந்தால் திரையில் இருந்த இடமெல்லாம் சுருங்கிப் போகும்.

கேமராவை வெள்ளை காஸைப் பார்க்க வைத்து நிறம் சரிசெய்து, வெந்நீரில் நனைத்துத் தர வேண்டும். குளிர்ந்த கண்ணாடி சூடான வயிற்றுக்குள் போனால் பனி மூடும். ஒளிக் கேபிளின் நுனி சூடாக இருக்கும். எரியவிட்டபடி டிரேப்பின்மேல் வைத்தால் துணி பொசுங்கும், அடியில் இருக்கும் தோலும்தான். வைக்கும்போது ஒளியைக் குறையுங்கள்.

பித்தப்பை நாளத்தில் வழக்கமாக மூன்று கிளிப்: உடம்பில் தங்குவது இரண்டு, எடுக்கும் பக்கம் ஒன்று. ஒரு கிளிப் போட்டதும் அடுத்தது நிரப்பிய கருவி கையில் இருக்கட்டும். மூன்றாவது போட்டதும் கத்தரியைக் கொடுங்கள், கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். தையல் ஊசியை ஹோல்டரில் பொருத்தும்போது நூல் சேரும் முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் பிடியுங்கள். இடக்கைக்காரர் என்றால் திசை மாறும். அதைக் காலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வயிற்றைத் திறக்கும் முழு டிரே அறையிலேயே இருக்க வேண்டும். ரத்தம் பீறிட்டால் கேமராவை விட்டுவிட்டு ஒரே நிமிடத்தில் திறக்க வேண்டி வரும். அப்போது டிரேயைத் தேடி ஓட நேரம் கிடையாது.

டையதர்மித் தட்டை எங்கே ஒட்டுவது? ஓடியில் தீப்பிடிக்குமா?

தசை நிறைந்த, ரத்த ஓட்டமுள்ள, காய்ந்த தோலில், வெட்டும் இடத்துக்கு அருகில். பெரும்பாலும் தொடை. எலும்பு முட்டும் இடம், தழும்பு, முடி, உள்ளே உலோகம் வைத்த மூட்டு வேண்டாம். பாதி ஒட்டி பாதி எழும்பினால் மின்சாரம் சின்ன இடத்தில் குவிந்து அங்கே தீக்காயம். ஒருமுறை பிய்த்ததை மறுபடி ஒட்டாதீர்கள்.

தீப்பிடிக்கும், ஆமாம். ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினைப் பூசினால் குறைந்தது 3 நிமிடம் காயவிட வேண்டும். முடி உள்ள இடத்தில் காய ஒரு மணி நேரம்கூட ஆகலாம். முதுகுக்கு அடியிலும் தொப்புளிலும் தேங்கியதை ஒற்றி எடுத்து, நனைந்த துணியை மாற்றுங்கள். முகம், கழுத்து கேஸ்களில் ஆக்ஸிஜன் டிரேப்புக்கு அடியில் சேரும் என்பதால் கூடுதல் கவனம்.

படுக்கவைப்பதில் என்ன தவறு நேரும்?

மயக்கத்தில் இருப்பவர் "கை மரத்துப்போச்சு" என்று சொல்லமாட்டார். கையை 90 டிகிரிக்கு மேல் விரித்தால் தோள்பட்டை நரம்பு இழுபடும். முழங்கையின் உட்பக்கம் மேசை விளிம்பில் அழுந்தினால் சுண்டுவிரல் பக்கம் உணர்வு போகும். கால்களைத் தூக்கிக் கட்டும் நிலையில் இரண்டு காலையும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஏற்ற வேண்டும், மெதுவாக ஒரே நேரத்தில் இறக்க வேண்டும். சட்டென்று இறக்கினால் ரத்த அழுத்தம் விழும். குதிகால், வால் எலும்பு, பின்மண்டைக்கு மெத்தை வையுங்கள். உடல் வெப்பம் 36 டிகிரிக்குக் கீழே போகாமல் சூடான காற்றுப் போர்வை போடுங்கள்.

எடுத்த மாதிரியை எப்படி அனுப்புவது?

அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான், அதுவும் கேஸ் முடிந்து எல்லாரும் தளர்ந்திருக்கும் நேரத்தில். வழக்கமான திசு ஆய்வுக்கு 10 விழுக்காடு ஃபார்மலின், திசுவின் அளவைப் போல் பத்து மடங்கு. உடனடி உறைபனி ஆய்வுக்கும் கிருமி வளர்ப்புக்கும் ஃபார்மலின் ஒரு சொட்டும் கூடாது. போட்டுவிட்டால் திரும்பப் பெற வழியில்லை, அந்தப் புற்றுக்கட்டியை மறுபடி வெட்டி எடுக்க முடியாது. மாதிரியின் பெயரையும் பக்கத்தையும் மருத்துவரிடம் திரும்பச் சொல்லி உறுதி செய்து, ஜாடியின் உடம்பில் ஒட்டுங்கள், மூடியில் அல்ல. மூடி மாறிவிடும்.

ஊசி குத்திவிட்டால்?

கையுறையைக் கழற்றி, ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிதுக்காதீர்கள். வேறு ஒருவர் ஸ்க்ரப் ஏற்றுக்கொள்ளட்டும், நீங்கள் உடனே தெரிவியுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். "கேஸ் முடியட்டும்" என்று நிற்பதுதான் பலரும் செய்யும் தவறு. தடுக்க, கூரான பொருளைக் கைக்குக் கை கொடுக்காமல் சிறுநீரக வடிவத் தட்டில் வைத்து நகர்த்துங்கள், கையுறை இரண்டு போடுங்கள்.

எந்த அவசரநிலைக்கு எப்போதும் தயாராக இருக்க வேண்டும்?

ரத்தக் கசிவும் இதயம் நிற்பதும் எல்லாருக்கும் தெரியும். அரிதானது மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா. சில மயக்க வாயுக்களும் தசையைத் தளர்த்தும் மருந்தான சக்சினில்கோலினும் தூண்ட, தசை விறைத்து, மூச்சில் கார்பன் டையாக்சைடு ஏறி, பிறகு உடம்பு கொதிக்கும். மருந்து டான்ட்ரோலீன், கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். 20 மில்லிகிராம் குப்பி ஒவ்வொன்றுக்கும் 60 மில்லி கிருமிநீக்கிய நீர் விட்டுக் குலுக்க வேண்டும். 60 கிலோ நோயாளிக்கு முதல் டோஸே 150 மில்லிகிராம், அதாவது எட்டுக் குப்பி, கிட்டத்தட்ட அரை லிட்டர். ஒருவர் இதைச் செய்து முடிக்க முடியாது. குப்பி எந்த அறையில் எந்தத் தள்ளுவண்டியில் என்று இன்றே போய்ப் பாருங்கள்.

அறுவை மருத்துவர் கத்துவார் என்கிறார்களே?

சிலர் கத்துவார்கள். ரத்தம் நிற்காதபோது வரும் குரலை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆளை இழிவாகப் பேசினால் மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். ஆனால் "டாக்டர், அது இடப் பக்கம், படிவத்தில் வலம்" என்று சொல்ல வேண்டிய நேரத்தில் பயந்து வாய் மூடினால் அந்தத் தவறில் உங்களுக்கும் பங்கு உண்டு. இங்கே மூத்தவரை எதிர்த்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று பழகி வந்தவர்களுக்கு இதுதான் மிகக் கடினமான பாடம். கேள்வியாகக் கேட்காதீர்கள், எண்ணோடும் பக்கத்தோடும் செய்தியாகச் சொல்லுங்கள்.

மயங்கி விழுந்துவிடுவேனோ என்று பயம்.

முதல் வாரங்களில் பலருக்கும் வரும். காலையில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், முட்டியை இறுக்கிப் பூட்டி நிற்காதீர்கள். காது அடைத்து வியர்த்தால் சொல்லிவிட்டு ஓரடி பின்னால் போய்த் தரையில் உட்காருங்கள். முன்பக்கம் விழுந்தால் நோயாளியின்மேல் விழுவீர்கள்.

எலும்பு கேஸ்களில் பல கிலோ எடையுள்ள ஈயக் கவசத்தோடு மணிக்கணக்கில் நிற்க வேண்டும். கால் இறுக்கும் காலுறை உதவும். எக்ஸ்ரே எடுக்கும்போது இரண்டு மடங்கு தூரம் தள்ளினால் கதிர் நான்கில் ஒரு பங்காகும், ஆகவே முடிந்தால் பின்வாங்குங்கள். ஈயக் கவசத்தை மடிக்காமல் தொங்கவிடுங்கள், மடித்தால் உள்ளே விரிசல் விடும். கர்ப்பம் என்று தெரிந்ததும் மேலாளரிடம் சொல்லிவிடுங்கள். கதிர் பயன்படும் அறை, எலும்பு சிமெண்ட், புற்றுமருந்து ஆகியவற்றிலிருந்து மாற்றிப் போடுவார்கள்.

நேரமும் சம்பளமும்?

வார்டைப் போல் மூன்று ஷிப்ட் சுழற்சி பல ஓடிகளில் இல்லை, பகல் வேலைதான் அதிகம். ஆனால் பகல் கேஸ் ஆறு மணிக்கு முடியும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள், அழைத்தால் வர வேண்டிய ஆன்கால் இரவுகளும் உண்டு. பொதுச் சுகாதாரத் துறையில் 2024ல் அறிவித்த ஏஞ்சல் திட்டத்தில் தகுதியுள்ள தாதியர் 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை பெறலாம்.

முதல் நாள் என்ன எடுத்துப் போவது?

சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டுப் புத்தகம். ஒரு மருத்துவருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: கையுறை அளவு, எந்த நூல், எந்தக் கை, எந்தப் பக்கம் நிற்பார், பாட்டு கேட்பாரா. நோயாளியின் பெயர் அதில் ஒருபோதும் எழுதாதீர்கள். பிறகு ஒரு கம்பளிச் சட்டை, ஓய்வறைக்கு. அறைக்குள் இருபது டிகிரி வாக்கில்தான் இருக்கும். வெளியே வந்த பிறகும் கொஞ்ச நேரம் நடுங்கும்.